நடைப்பயிற்சி சங்கம், மதுரை: 2024-25 ஆண்டறிக்கை (செயலாளர் வாசிச்சது)

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், காலையில ஆறு மணிக்கே பார்க்குல ஆஜராகுற எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு புகார் வந்துச்சு, அதனால வரவு செலவை பொருளாளர் பாத்துக்கட்டும்னு விட்டுட்டு மத்ததை மட்டும் சொல்லிடுறேன்.

உறுப்பினருங்க இப்ப நாப்பது பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல சுகர்காரங்க. மிச்ச பேரு டெஸ்ட் எடுக்காதவங்கன்னு தலைவர் கிண்டல் பண்ணுவாரு, ஆனா 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுல இந்தியாவுல சுமார் 10 கோடி பேருக்கு சுகர், தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்குன்னு போட்டிருந்தாங்க, அதைப் பாத்தா அவர் சொல்றது வெறும் கிண்டல் இல்ல.

வருகையைப் பத்தி ஒரு வருத்தம். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து எட்டு கிலோமீட்டர் நடந்துட்டு, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஆளையே காணோம்னா அது சுகருக்குப் பத்தாது. வாரத்துக்கு 150 நிமிஷம்னு டாக்டருங்க சொல்றது பிரிச்சுப் பிரிச்சு நடக்கத்தான், ரெண்டு நாளைக்கு மேல சேந்தாப்புல விடக்கூடாது, ஏன்னா நடந்த தசை சர்க்கரையை இழுத்துக்குற வேகம் ஒண்ணு ரெண்டு நாள்லயே குறைய ஆரம்பிச்சுடுது.

இப்ப முக்கியமான விஷயம். கந்த சஷ்டி சமயத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தர் விரதம்னு வெறும் வயித்தோட வந்தாரு, ஆனா காலை மாத்திரையை மட்டும் வழக்கம் போல போட்டுட்டாரு. மூணாவது ரவுண்டுல சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், "என்னண்ணே ஆச்சு"ன்னு கேட்டதுக்கு என்னைக்கும் இல்லாம எரிஞ்சு விழுந்தாரு. மீட்டர்ல 54 காட்டுச்சு. 70க்கு கீழ போனாலே லோ சுகர்தான். மூணு ஸ்பூன் சீனியை தண்ணில கலக்கிக் குடுத்து, உக்கார வச்சு, கால் மணி நேரம் கழிச்சு திரும்பப் பாத்து, ஏறினதுக்கு அப்புறம் ரெண்டு இட்லி சாப்பிட வச்சுதான் அனுப்பினோம். முதல்ல ஓடிப்போய் ஒருத்தர் டீ வாங்கிட்டு வந்தாரு, கடைக்காரர் நம்ம குரூப்னு பாத்ததும் பழக்கதோஷத்துல சீனி இல்லாம போட்டுக் குடுத்துட்டாரு, அதை என்னத்த சொல்ல.

அதுக்கப்புறம்தான் வாட்ச்மேன் ரூம்ல ஒரு டப்பா வச்சிருக்கோம், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பவுடர் எல்லாம் அதுல இருக்கு. மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை மட்டும் போடுறவங்களுக்கு லோ ஆகுறது அபூர்வம், கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினை சுரக்க வைக்குற மாத்திரை போடுறவங்களும் இன்சுலின் போடுறவங்களும்தான் உஷாரா இருக்கணும், நடக்குறதுக்கு முன்னாடி 90க்கு கீழ இருந்தா எதாவது சாப்பிட்டுட்டுதான் கிளம்பணும். தொடையில இன்சுலின் ஊசி போட்ட கையோட நடந்தா மருந்து சீக்கிரம் ரத்தத்துல ஏறிடும். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுறவங்களுக்கு படபடப்பு, நடுக்கம் தெரியாமலே போகலாம், வேர்வை மட்டும்தான் காட்டிக்குடுக்கும். நிறைய நடந்த அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல கூட இறங்கலாம், வீட்டுல சொல்லி வைங்க. சாப்பாட்டையோ மாத்திரையையோ மாத்துறதா இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க, வாட்ஸ்அப் குரூப்புல கேக்காதீங்க!

இதுக்கு நேர்மாறா 300ஐ வச்சுக்கிட்டு "நடந்தா இறங்கிடும்"னு வர்றவங்களும் இருக்காங்க. நம்மகூட நடக்குற காலேஜ் தம்பிக்கு டைப் 1, அதாவது உடம்புல இன்சுலின் சுரக்காத வகை சுகர், அவர மாதிரி இருக்குறவங்களுக்கு 250க்கு மேல இருந்து கீட்டோனும் (இன்சுலின் பத்தாம கொழுப்பு கரையுறப்போ சேருற பொருள்) இருந்துச்சுன்னா நடந்தா ஏறத்தான் செய்யும், அன்னைக்கு நடையே வேணாம். சுகர்காரங்களுக்கு ஹார்ட்டுல பிரச்சனை வந்தா நெஞ்சு வலிக்காமலும் இருக்கலாம், திடீர்னு மூச்சு வாங்குனா அங்கேயே நின்னுடுங்க.

சித்திரைத் திருவிழாவுல அழகரைப் பாக்க செருப்பில்லாம தார் ரோட்டுல போனவருக்கு உள்ளங்கால்ல ரூபாய் அளவுக்கு கொப்புளம், ராத்திரி கால் கழுவுறப்போ அவரு சம்சாரம் பாத்து சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுச்சு. சுகர்ல நரம்பு மரத்துப்போனா இப்படித்தான். அது ஆற எத்தனையோ வாரம் ஆச்சு, அதுவரைக்கும் நடையும் கட். இதை வச்சுதான் கமிட்டில பெரிய சண்டையே வந்துச்சு, நம்ம பார்க்குல கூழாங்கல் பதிச்ச எட்டு வடிவப் பாதை இருக்கே, அதுல வெறுங்கால்ல நடந்தா சுகர் குறையும்னு ஒரு கோஷ்டி, ஷூ இல்லாம விடவே கூடாதுன்னு இன்னொரு கோஷ்டி. என் கட்சி ரெண்டாவதுதான். குறையுறது நடக்குறதாலதான், கல்லு குத்துறதால இல்ல. ஷூ போடுறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு ஒரு தடவை தடவிப் பாருங்க, ஒருத்தர் ஷூவுல பேரனோட கோலிக்குண்டு இருந்துச்சு.

செவ்வாய், வெள்ளி ரப்பர் பேண்ட் வச்சு தசைக்குப் பயிற்சி ஆரம்பிச்சோம், கூட்டம் சுமார்தான். கண்ணுல ரத்தக்கசிவு இருக்குறவங்க கண் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வெயிட் தூக்குறது, மூச்சைப் பிடிச்சு முக்குறது, சிரசாசனம் எதுவும் வேணாம். மகளிர் அணி ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் தெருவுலயே நடக்குறாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகருக்கு அது நல்லாவே கேக்குது, ஆம்பளைங்க அந்த நேரத்துல டிவி முன்னாடி.

பார்க் லைட்டுக்கு மனு குடுத்தும் இன்னும் எரியல, டார்ச் எடுத்துட்டு வாங்க. எட்டு பாதையில செருப்பு கட்டாயம்னு போர்டு வைக்குற தீர்மானத்தை இப்ப ஓட்டுக்கு விடுறேன், ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.