பிளேனாவை மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் 2019 போராட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆளுநர் ரிக்கார்டோ ரொசெல்லோ பதவி விலகிய பெருமையை ரெகேட்டான் (அங்குள்ள துள்ளலிசை), ராப் நட்சத்திரங்களுக்கே கொடுத்துவிட்டது. பாடகர்கள் பேட் பன்னி, ரெசிடென்டே, இலே மூவரும் ஆளுநரை எதிர்த்து ஜூலை 17 அன்று வெளியிட்ட பாடலின் பங்கு பெரியதுதான். ஆனால் தெருவில் திரண்ட கூட்டத்தை ஒரே தாளத்தில் பாடவைப்பது வேறு வேலை. அதைத் தலைமுறைகளாகச் செய்துவரும் பிளேனா என்ற அத்தீவின் நாட்டுப்புற இசைக்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்குக் கரையிலுள்ள போன்சே நகரின் உழைப்பாளர் குடியிருப்புகளில் வளர்ந்தது பிளேனா. 'பாடும் செய்தித்தாள்' என்று அதைச் சொல்வார்கள். முக்கியக் கருவி பண்டேரோ: சலங்கைத் தகடு இல்லாத பெரிய கஞ்சிரா போலிருக்கும். மூன்று அளவுகளில் வரும். பெரியதான செகிடோர் அடித்தாளத்தை விடாமல் பிடிக்கும். நடுவிலுள்ள புன்டெயடோர் அதற்கு எதிர்த்தட்டுக் கொடுக்கும். சிறிய ரெக்கிண்டோ மனம்போலச் சொற்கட்டு போடும். ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டிக்கொண்டே நடக்கலாம். மின்சாரம் வேண்டாம், மேடை வேண்டாம்.

பல்லவி ஓரிரு வரிதான். இரண்டாம் முறை கேட்கும்போதே கூட்டம் பிடித்துக்கொள்ளும். முன்பாடகர் அன்றன்றைய செய்தியைச் சரணமாகக் கட்டுவார். ஜூலை 13 அன்று ஆளுநர் வட்டாரத்தின் 889 பக்க டெலிகிராம் செயலி உரையாடல் வெளியானது. அதில், 2017இல் தீவைத் தாக்கிய மரியா புயலில் இறந்தவர்களைக்கூடக் கேலி செய்திருந்தார்கள். ஊரே கொதித்திருக்கும்போது உடனுக்குடன் சரணம் மாற்றிப் பாட இதைவிடத் தோதான வடிவம் ஏது?

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. பல்லவியின்மேல் ரெக்கிண்டோ ஓங்கி ஒலித்தால் சொல் மூழ்கிவிடும்; முழக்கமே போயிற்று. நீண்ட ஊர்வலத்தில் செகிடோர்களைப் பிரித்து நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் இடைவெளி விழுந்தாலே அரை நொடி பிந்தும், முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றையொன்று குழப்பும். வாசிப்பவர்கள் நடுவில் சேர்ந்தே நடக்க வேண்டும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதால், திருகாணி வைத்து இறுக்கும் பண்டேரோவே தெருவுக்கு ஏற்றது.

நட்சத்திரங்களின் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய நீங்கள், பிளேனாக் கலைஞர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி