நாய்க்கும் பூனைக்கும் பச்சைக் கறி போடும் சாட்ஸ்வர்த் சொந்தங்களுக்கு

அன்புள்ள அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

சனிக்கிழமை காலையில் தென்னாப்பிரிக்கா டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை வாங்க நிற்கும்போது உங்களில் பலரைப் பார்க்கிறேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் நாய்க்கு என்ன போடுகிறோம் என்பதில் வந்து நிற்கும். "பாக்கெட் தீனியை நிறுத்துங்கள் அக்கா, பச்சைக் கறிதான் இயற்கை" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு நானும் போட்டவள். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு மாத போயர்போல் நாய்க்குட்டி அது, நம் ஊர்ப் பெரிய காவல் நாய் இனம். கறிக்கடையில் கோழிக்கறியை எலும்பில்லாமல் அரைத்து வாங்கி, நடுவே கொஞ்சம் ஈரலும் சேர்த்துப் போட்டேன். ஆசையாகத் தின்றான், முடி பளபளவென்று ஆனது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் வாசல் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. தூக்கினால் கத்தினான். நிறுத்திவைத்தால் முன்னங்கால் பாதம் அகன்று, மணிக்கட்டு தரையில் படுகிற மாதிரி நின்றான். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியிருந்த சதையைப் போலவே மங்கலாக இருந்தது. பின்னங்காலில் மெல்லிய விரிசல்.

வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இரண்டுக்கும் 15, 20 மடங்கு வித்தியாசம். வளரும் குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உறிஞ்சி எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். குட்டி இப்போது நடக்கிறான், ஓடுகிறான். வலது முன்னங்கால் மட்டும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது.

"எலும்பும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும்" என்று சொல்வீர்கள். சரி, அது என் தவறு. ஆனால் எவ்வளவு எலும்பு, எவ்வளவு ஈரல், எந்த வயதுக்கு எவ்வளவு என்று அளந்து சொன்னவர் நம்மில் யார்? ஈரலை அதிகம் போட்டால் வைட்டமின் ஏ சேர்ந்து பூனையின் கழுத்தெலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஆனாலும் என்னை அதிகம் பயமுறுத்தியது குட்டியின் கால் இல்லை. ஒருநாள் ராத்திரி கறி பாக்கெட்டை ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் இளக வைத்திருந்தேன். காலையில் திறந்தால், இளஞ்சிவப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழ்த்தட்டுக் கொத்தமல்லிக் கட்டில் இறங்கியிருந்தது. பக்கத்திலேயே அம்மாவின் தயிர்க் கிண்ணம். அம்மாவுக்கு 81 வயது, சர்க்கரை வேறு. குழம்புக் கறியை நாம் வேகவைத்துவிடுவோம். கொத்தமல்லியைத் தக்காளிச் சம்பலில் பச்சையாகத்தானே போடுவோம்?

2017, 2018-இல் நம் நாடு பட்டது மறந்திருக்காது. உணவில் பரவும் லிஸ்டீரியா கிருமியால் 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். உலகிலேயே அதுவரை பதிவானவற்றில் அதுதான் பெரியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கு பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைகள். அன்று அது பொலோனியில், அதாவது கடையில் வாங்கி அப்படியே தின்னும் இறைச்சி சாசேஜில், வந்தது. அதே கிருமி பச்சைக் கறியிலும் இருக்கும், ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். நெதர்லாந்தில் கடைகளில் விற்ற 35 உறைந்த பச்சைத் தீனிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேல், அதாவது 19-இல் லிஸ்டீரியா, 7-இல் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி. அவை தெருவில் அள்ளியவை அல்ல, கம்பெனிகள் பாக்கெட் போட்டு விற்றவை.

"ஃப்ரீஸரில் வைத்தால் கிருமி செத்துவிடும்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். சாகாது. நன்றாக உறைந்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தூங்கும், இளகினால் எழுந்துகொள்ளும். 2023-இல் மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போய் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாதபோது எத்தனை முறை நம் ஃப்ரீஸர் இளகி, திரும்ப உறைந்தது? அப்புறம், நாய் நலமாகவே இருந்தாலும் அதன் மலத்தில் சால்மொனெல்லா வெளியேறும். அது வாயால் நக்கிய கையைத்தான் பேரப்பிள்ளை பிடிக்கிறது.

பாக்கெட் தீனி மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. 2007-இல் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த தீனி தின்று இந்த நாட்டிலும் நாய்கள் இறந்தன. ஆனால் "நாய் ஓநாய்தானே" என்பதை ஏற்க முடியவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதல் பிரதிகளாக இருக்கிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகிய உயிர் அது. நம் பாட்டிமார் மீலி மீல், அதாவது மக்காச்சோள மாவு, கிண்டிப் போட்ட நாய்கள் வாழவில்லையா? (அந்தக் களியில் குழம்பு ஊற்றியதுதான் தப்பு. வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுக்கும்.)

பூனை கதை வேறு. அதற்கு இறைச்சி கட்டாயம். புரட்டாசி பிறந்ததும் வீட்டோடு சேர்த்துப் பூனைக்கும் பருப்புச் சோறு போடுகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு உண்டாக்க முடியாது. அது குறைந்தால் நாளடைவில் கண் போகும், இதயம் வீங்கும். விரதம் நமக்குத்தான். கறியை வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கும், ஆகவே அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். வேகவைத்த கறி மட்டும் போதாது, முழுச்சத்துத் தீனியும் வேண்டும். பச்சைக் கோழி வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில் உறைந்த பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக் காய்ச்சலில் செத்தது. 2023-இல் இங்கே அந்தக் காய்ச்சல் வந்து முட்டை கிடைக்காமல் நாம் அலைந்தோமே, அது நமக்குத் தூரத்து நோய் இல்லை.

நான் கேட்பது இதுதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டாரிடம் பச்சைக் கறியைப் பரிந்துரைக்காதீர்கள். குட்டி வளர்ப்பவரிடம் முதலில் கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாக்கெட் வாங்கினாலும் தீவனங்களுக்கான நம் நாட்டின் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி 'வி' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வார இறுதிச் சந்தையில் வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பதில் அது இருக்காது. பச்சையாகத்தான் போடுவேன் என்பவர்கள் மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் இளக வையுங்கள். நாய்த் தட்டைச் சமையல் தொட்டியில் கழுவாதீர்கள்.

வரும் சனிக்கிழமையும் அதே கீரைக்கடை முன்னால்தான் நிற்பேன். குட்டியின் எக்ஸ்ரே படத்தைப் பையில் எடுத்து வருகிறேன், வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா