முன்பணத்துக்கு முன் ஒரு வாரம்

ஐயா,

"இடம் பார்த்ததுமே பிடித்துவிட்டது, அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பத்திரம் எழுத வருகிறவர்களைத் தக்கலையில் ஆவண எழுத்தராக இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன். எந்த முடிவை நொடியில் எடுக்கலாம், எதை ஆறப்போட வேண்டும் என்பது குறித்துச் சில வார்த்தைகள் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நொடி முடிவுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோவாளை பூச்சந்தையில் ஒரு வியாபாரி பிச்சி மொட்டை ஒரு கை அள்ளி, லேசாக உதறி, அது தண்ணீர் தெளித்து வந்த எடையா, பூவின் எடையா என்பதை விரல்களாலேயே அறிந்து, அடுத்த மூச்சில் விலை சொல்லிவிடுகிறார். காரணம் கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாமல் போகலாம். ஆனால் கணிப்பு பிசகினால் அன்றைய பொழுது சாய்வதற்குள் வியாபாரம் கையைக் கடித்துவிடும். தினமும் அப்படித் திருத்தப்பட்டு வந்த கணிப்பு அது. உள்ளுணர்வை ஐயுற்ற உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்பு அதிகாரிகளின் உடனடி முடிவுகளை ஆராய்ந்து உள்ளுணர்வை மதித்த கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் உடன்பட்ட இடமும் இதுதான்: சூழலில் ஓர் ஒழுங்கும், அதைப் பழகிக் கற்கும் வாய்ப்பும் இருந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம், ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது அதற்குச் சான்றாகாது.

நிலம் வாங்குவதில் இந்த இரண்டுமே இல்லை. பெரும்பாலோர் ஆயுளில் ஒன்றிரண்டு முறைதான் வாங்குகிறார்கள். தவறு வெளிப்படுவதோ சில வேளை பிள்ளைகள் காலத்தில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருப்பதும் உண்டு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாயிற்று என்பார்கள். அதில் பதிவான ஆவணங்களே வரும். பதியாத உயிலோ, வாயளவில் 'பத்தடி வழி உண்டு' என்று சொன்ன பாதையோ வராது. தென்னை நிற்கும் பத்து சென்ட் மனதுக்குப் பிடித்துப்போவதில் பிழையில்லை, ஆனால் அந்தப் பிடிப்புக்குப் பட்டாவைப் பற்றி எதுவும் தெரியாது. "சாயங்காலம் வேறு ஆள் வருகிறார்" என்னும் தரகரின் அவசரம் யாருக்கு உதவுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

யோசிக்க நேரமே கிடைக்காத சமயங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட குளச்சல் கரைக்கு அது தெரியும். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதுகூட அந்தக் கணத்தில் தானாகத் தோன்றுவதன்று, முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டியது. மனை பார்க்கக் கிளம்புகிறவர்களும் நகல்களை வாங்கி, நிலத்தை அளந்து பார்த்து, ஒரு வாரம் கழித்தே முன்பணம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படலாம்.

பழைய மலையாளப் பத்திரங்கள் உட்பட நில ஆவணங்களை எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட்டால், இம்மாவட்ட வாசகர்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
தக்கலை.