கேபிள்காரனை போலீஸ் ஆக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருட்டுத்தனமா பாட்டு டவுன்லோட் பண்றவங்க நெட் லைனை கட் பண்ணணும், அதுக்கு இன்டர்நெட் கம்பெனிங்க மியூசிக் கம்பெனிங்களோட கைகோர்க்கணும்னு உங்க பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு. படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நான் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கேபிள் டிவி நடத்துறவன், கொஞ்ச வருசமா அதோட ஃபைபர் நெட்டும் குடுக்குறேன். பெரிய கம்பெனி ஒண்ணுகிட்ட லைன் எடுத்து தெருத்தெருவா பிரிச்சு குடுக்குறது, அவ்ளோதான் நம்ம வேலை. அவரு இன்டர்நெட் கம்பெனின்னு பெருசா எழுதுறாரே, அது கடைசில வந்து நிக்கிற இடம் தோள்ல ஏணிய போட்டுக்கினு கம்பத்துல ஏறுற எங்க பையன்கிட்டதான்.

திருட்டுப் பாட்டு சரின்னு நான் சொல்ல வரல. கேபிள் தொழில்ல சேனல் காசு, பாட்டு காசு எல்லாம் கட்டி நொந்தவன் நான், எனக்கு அந்த வலி தெரியும். ஆனா லைனை வெட்டுறதுன்றது வேற சமாச்சாரம்.

எங்க ஏரியால ஒரு லைன்னா ஒரு வீடுன்னு கணக்கு போட முடியாது சார். ஒரே வாசல், உள்ள போனா நாலு போர்ஷன், மொட்டை மாடில ஷீட்டு போட்ட ரூம்ல பேச்சுலர் பசங்க, லைன் மட்டும் வீட்டுக்கார அம்மா பேர்ல ஆதார் குடுத்து எடுத்திருப்பாங்க, மாசத் துட்டை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டுவாங்க. வைஃபை பாஸ்வேர்டு எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க, ஈபி மீட்டர் பாக்ஸ் பக்கத்து செவுத்துல சாக்பீஸ்ல எழுதியிருக்கும், தண்ணி கேன் போட வர்ற பையன் கூட அதைப் பாத்து கனெக்ட் பண்ணிக்கினு போவான். இதுல மாடி ரூம்ல எவனோ ஒருத்தன் புதுப் பாட்டை இறக்கிட்டான்னு லைனை கட் பண்ணா கீழ் போர்ஷன்ல டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற பொண்ணுக்கும் சேர்த்து போச்சு, டெலிவரி வேலை பாக்குற தம்பிக்கும் போச்சு, வீட்டுக்கார அம்மா பேர்ல கெட்ட பேரு தனியா. ஒருத்தன் மோட்டார் போட்டு உறிஞ்சுறான்னு தெருக் கொழாயவே மூடுற கதை.

வெளிநாட்டுல பண்ணலியான்னு அவரு கேக்குறாரு. பண்ணாங்க. பிரான்ஸ்ல 2009ல ஹடோபின்னு ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, மூணு தடவை மாட்டினா நெட் கட். அவங்க அரசியல் சாசன கவுன்சில் அதே வருசம் ஜூன்லயே, நெட்டு இப்ப பேச்சுரிமையோட சேர்ந்த விஷயம், அதை ஜட்ஜ்தான் கட் பண்ணலாம், ஆபீசர் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் சட்டத்தை மாத்திப் போட்டு, 2012ல முதல் ஆளுக்கு 150 யூரோ ஃபைன் போட்டாங்க பாருங்க, பாட்டை இறக்கினது அவர் சம்சாரம், அந்தம்மாவே அதை ஒத்துக்கினாங்க, ஆனா லைன் அந்த ஆள் பேர்ல இருந்ததால ஃபைன் அவருக்கு. ஒரே வீட்டுக்குள்ள இருக்குற ரெண்டு பேர்லயே இந்த கதின்னா எங்க போர்ஷன் வீட்டை யோசிச்சுப் பாருங்க. 2013ல லைன் கட் பண்ற தண்டனையையே அங்க எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 2008ல ஆறு பெரிய கம்பெனி மியூசிக் சங்கத்தோட ஒப்பந்தம் போட்டு கஸ்டமருக்கு லெட்டர் அனுப்ப ஒத்துக்கினாங்க. அமெரிக்கால திருட்டுத்தனமா இறக்குறவங்களுக்கு ஆறு தடவை வரைக்கும் எச்சரிக்கை குடுக்குறதுன்னு 2013ல ஆரம்பிச்ச திட்டத்தை 2017ல மூடிட்டாங்க.

சரி, ஆளைக் கண்டுபிடிச்சு நோட்டீஸ் குடுங்கன்னு சொல்றாங்களே, அந்த நோட்டீஸ் எப்படி வருதுன்னு சொல்றேன். ஒரு தடவை மேல லைன் குடுக்குற கம்பெனிலேர்ந்து எனக்கு ஒரு மெயில் வந்துச்சு, இந்த ஐபில (நெட்டுல ஒரு லைனுக்கு இருக்குற அட்ரஸ் நம்பர்) இந்த நேரத்துல இந்த ஃபைல் ஷேர் ஆகியிருக்கு, கஸ்டமரை எச்சரிக்கவும்னு. பாத்தா அந்த ஐபி ஒரு வீட்டோடது இல்ல. பழைய மாடல் ஐபி அட்ரஸ் உலகத்துக்கே பத்தல, அதனால எங்களுக்கு மேலேர்ந்து வர்றது கொஞ்சம்தான், ஒரே பப்ளிக் ஐபி பின்னாடி தெருவுல பாதி வீடு இருக்கும், சிஜிநாட்னு அதுக்கு பேரு. அதுல எந்த வீடுன்னு பிரிக்கணும்னா போர்ட் நம்பர் வேணும், ஒரே ஐபிக்குள்ள எந்த கனெக்ஷன்னு காட்டுற நம்பர் அது. மெயில்ல போர்ட் நம்பரே இல்ல. நேரம் வேற யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல போட்டிருக்கு, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் வித்தியாசம், அதை கவனிக்காம ராத்திரி பத்து மணி லாகை (எந்த நேரத்துல எந்த லைன் எந்த ஐபில இருந்துச்சுன்ற பதிவு) எடுத்தா மாட்டுறது சம்பந்தமே இல்லாத ஒருத்தர். இதை நம்பி யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? கலெக்ஷனுக்கு போற பையன் சும்மா விஷயத்தை சொன்னதுக்கே ஒரு அம்மா பயந்துட்டாங்க, "இன்னா தம்பி, போலீஸ் கேஸ் ஆயிடுமா, எங்க வீட்ல யாருக்கும் இறக்கவே தெரியாதே"ன்னு. லாகை ரெண்டு வருசம் வெக்கணும்னு 2021 டிசம்பர்ல கவர்மென்ட் லைசென்ஸ் ரூல்ல போட்டுட்டாங்க, அது இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா கேக்குறவங்க சரியா கேட்டாதான் அதுல ஆள் கிடைப்பான்.

லைனை கட் பண்ண மறுத்தா இன்னா ஆகும்னும் தெரியும். அமெரிக்கால காக்ஸ்னு ஒரு கம்பெனி, நம்மள மாதிரி கேபிள்ல ஆரம்பிச்சு நெட்டுக்கு வந்தவங்கதான், கஸ்டமருங்க 10,000 பாட்டுக்கு மேல காப்பி அடிச்சதுக்கு நீயும் உடந்தைன்னு 2019ல ஜூரி 100 கோடி டாலர் கட்டச் சொல்லிச்சு. 2024ல அப்பீல் கோர்ட் அந்த தொகையை ரத்து பண்ணிடுச்சு, கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அவங்க தாங்குவாங்க சார். எங்களுக்கெல்லாம் அதுல ஒரு சைபரும் தாங்காது, அதனால இப்படி ஒரு ரூல் வந்துச்சுன்னா ஒவ்வொரு ஆபரேட்டரும் எதுக்கு வம்புன்னு மெயில் வந்த உடனே கட் பண்ணிட்டு போயிடுவான், சரியா தப்பான்னு பாக்க மாட்டான்.

பயந்தா இன்னா நடக்கும்னு இங்கயே பாத்தோமே. 2012ல பாரிமுனை ஹைகோர்ட்ல சினிமாக்காரங்க பேர் தெரியாத ஆளுங்க மேல, அசோக் குமார்னு ஒரு பொதுப் பேரு வெச்சு, தங்க படத்தை திருட்டுத்தனமா நெட்டுல போடக் கூடாதுன்னு தடை வாங்கினாங்க. அதைப் பாத்துட்டு நெட் கம்பெனிங்க சைட்டு சைட்டா மொத்தமா மூடினாங்க, விமியோன்ற வீடியோ சைட்டு கூட ஓடல, குறும்படம் எடுத்து அதுல போட்டு வெச்ச பசங்கெல்லாம் தவிச்சாங்க. அப்புறம் ஜூன் மாசம் ஹைகோர்ட்டே, நாங்க மூடச் சொன்னது அந்தந்த லிங்கை, சைட்டை இல்லன்னு தெளிவா சொல்ல வேண்டியதாச்சு. அதே வருசம் மியூசிக் கம்பெனிங்க கல்கத்தா ஹைகோர்ட்ல 104 பாட்டு சைட்டை மூட ஆர்டர் வாங்கினாங்க. பாட்டு இறக்குறது நின்னுச்சா? பேருக்கு பின்னாடி ஒரு எழுத்தை மாத்தி மறுநாளே வந்து நிப்பானுங்க.

இன்னொண்ணு, டோரன்ட்னு ஆளுக்கு ஆள் ஃபைலை பிரிச்சு குடுத்துக்கிற முறை ஒண்ணு இருக்கு, இப்ப எவன் சார் அதுல பாட்டு இறக்குறான். டெலிகிராம்ல வருது, இல்ல யூடியூப் லிங்கை ஒரு சைட்டுல போட்டு எம்பி3யா உருவிக்கிறாங்க. அதெல்லாம் பூட்டு போட்ட ட்ராஃபிக், எங்க சைடுலேர்ந்து பாத்தா இவ்ளோ எம்பி போச்சுன்னு தெரியும், உள்ள போனது பாட்டா, பாடமா, பொறந்த நாள் வீடியோவான்னு எங்களுக்கு தெரியாது, தெரியவும் கூடாது. அந்த உருவுற சைட்டுல சூதாட்ட விளம்பரமா ஓடுதே, அந்த துட்டு யார் அக்கவுன்ட்டுக்கு போகுதுன்னு பிடிங்க. வியாபாரமா பண்றவனுக்கு காப்பிரைட் சட்டம் 63ம் பிரிவுல ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருசம் ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் ஃபைன் ஏற்கெனவே இருக்கு.

ஜனங்க துட்டு குடுக்க மாட்டாங்கன்றதும் பொய். சரிகம மியூசிக் கம்பெனி 2017ல கார்வான்னு ஒரு ரேடியோ மாதிரி டப்பா விட்டாங்க, உள்ளயே 5,000 பழைய பாட்டு, நெட்டு வேணாம், ஆப் வேணாம், திருகினா பாடும். ஆயிரக்கணக்குல விலை, ஆனாலும் எங்க தெருவுலயே பசங்க வாங்கி அப்பா அம்மாவுக்கு குடுத்திருக்காங்க, சாயங்காலம் ஆனா திண்ணைல அது பாடிக்கினே இருக்கும். அந்தப் பக்கம் விங்க்னு ஒரு பாட்டு ஆப் 2024ல மூடினாங்க, ரெஸ்ஸோவும் அதே வருசம் போச்சு, அதுல லிஸ்ட் போட்டு சேத்து வெச்சதெல்லாம் காலி. மெமரி கார்டுல இருக்குறது போகாதுல்லன்னு பசங்க கேக்குறாங்க, எனக்கும் பதில் தெரியல.

கடைசியா ஒரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். கலைஞன் வயித்துல அடிக்கிறாங்கன்னு கட்டுரைல உருகியிருந்தாரு. எங்க ஏரியால கானா பாடுற தம்பி ஒருத்தன் இருக்கான். சாவு வீட்ல ராத்திரி முழுக்க பாடுவான், யாராவது மொபைல்ல எடுப்பாங்க, விடியறதுக்குள்ள காசிமேட்லேர்ந்து வியாசர்பாடி வரைக்கும் வாட்ஸப்ல சுத்திடும், அப்படி சுத்தினதாலதான் அவனுக்கு அடுத்த நிகழ்ச்சியே வருது. போன வருசம் அவன் சொந்தமா கட்டின பாட்டை ஒரு சேனல்காரன் எடுத்து தன் பேர்ல பதிஞ்சிட்டான், இவன் தன்னோட பாட்டை போட்டா இவனுக்கே காப்பிரைட் கிளைம் வருது. 2012ல சட்டத்தை திருத்தி, எழுதினவங்களுக்கும் மெட்டு போட்டவங்களுக்கும் ராயல்டில சம பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்க முடியாதுன்னு போட்டாங்களே, அதை இவன் எந்த ஆபீஸ்ல போய் கேக்குறது? பெரிய கம்பெனி மெயில் போட்டா நான் லைனை வெட்டணும், இவன் மெயில் போட்டா ரோபோ பதில் வருது.

ரூல் போடுறதா இருந்தா சின்ன ஆபரேட்டருங்களையும் கூப்பிட்டு பேசச் சொல்லி எழுதுங்க சார். நோட்டீஸ்ல போர்ட் நம்பர் போடட்டும், நேரத்தை நம்ம நேரத்துல போடட்டும், லைனை கட் பண்ணச் சொல்றதா இருந்தா கோர்ட் ஆர்டரோட வரட்டும். அப்படி வந்தா அன்னிக்கே லாக் எடுத்து குடுக்கிறேன், ஸ்டேஷன்ல வந்து கையெழுத்தும் போடுறேன்.

இப்படிக்கு,
ஒரு கேபிள் ஆபரேட்டர்,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21