மாதிரிப் படமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் வந்த கடற்பசுக் கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டி பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும், கடற்புல் மேயும் அந்த அப்பாவிப் பிராணி வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போவதையும் கட்டுரையாளர் அக்கறையோடு சொல்லியிருக்கிறார். அதற்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம். படத்தில் இருப்பது கடற்பசு இல்லை, மேனட்டி. அமெரிக்கக் கரையோரங்களில் இருப்பது. நம் கடலில் கிடையவே கிடையாது. அடியில் பொடி எழுத்தில் ‘மாதிரிப் படம்’ என்று போட்டுவிட்டீர்கள். கடமை முடிந்தது.

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் ஆவுளியாவின் (கடற்பசுவுக்கு இங்கே அதுதான் பெயர்) வால், ஓங்கில் என்னும் டால்பினின் வாலைப்போல நடுவில் பிளந்து இருபுறமும் விரிந்திருக்கும். மேனட்டிக்குப் பனையோலை விசிறிபோல் ஒரே வட்டம். அந்தப் பக்கத்தை மல்லிப்பட்டினத்தில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார். “இது எந்த ஊர் ஆவுளியா, வாத்தியாரே? வாலை யார் நறுக்கினார்கள்?” என்று கேட்டார். வலையில் ஆவுளியா விழுந்தால் வலையை அறுத்து அதை விடுவிக்கவேண்டியவர் அவர்தானே? கட்டுரையை அவர் படிக்கவில்லை, கண்ணாடி கொண்டுவரவில்லை. படத்தைத்தான் பார்த்தார்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓவிய வகுப்பென்றால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் வகுப்பு என்பது தாங்கள் அறிந்ததே. படத்துக்கு இங்கே அவ்வளவுதான் மரியாதை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் (எதற்குப் பெயர்?) ஏரிக்கரையில் வைக்கும் பலகைக்கு நத்தைகுத்தி நாரை வரைந்து தரச் சொன்னார்கள். வளர்ந்த நாரை அலகை மூடினாலும் மேலலகும் கீழலகும் நடுவில் சேராது. அந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கத்து நாற்று பச்சையாகத் தெரியும். அதைச் சரியாகப் பிடிக்க இரண்டு நாள் விடியற்காலையில் வரப்பில் குந்தியிருந்தேன். பலகை நட்டபின் போய்ப் பார்த்தால் இடுக்கைக் காணோம். “அலகு ஒட்டாமல் இருந்தது சார், நீங்கள் அவசரத்தில் விட்டிருப்பீர்கள் என்று பெயிண்டரை வைத்து அடைத்துவிட்டோம்” என்றார்கள். நன்றி வேறு சொன்னார்கள்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா கோபுரத்தைக் கட்டிய தஞ்சை மன்னர் சரபோஜி, கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரையச் செய்து மருத்துவக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஏதோ ஒரு மாட்டுக் கண்ணை வரைந்து ‘மாதிரி’ என்று எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

தங்கள் இதழிலும் இது முதல் முறையில்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றி எழுதிவிட்டுப் பிச்சாவரத்துப் படத்தைப் போட்டீர்கள். அங்கே சுரபுன்னை குடைக்கம்பிபோல் வேரை ஊன்றி நிற்கும். எங்கள் முத்துப்பேட்டையில் பெரும்பாலும் வெண்கண்டல். சேற்றுக்குள்ளிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் மூச்சுவேர் மேல்நோக்கி நிற்கும், வெறுங்காலோடு இறங்கியவனுக்குத் தெரியும். அப்போதும் கடிதம் எழுதினேன். ஒரு மாதிரிப் பதிலாவது போட்டிருக்கலாம்.

கோடை வந்தால் பாளம் பாளமாக வெடித்த நிலமும், தலையில் கைவைத்த விவசாயியும். பத்தாண்டாக அவர் அதே துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஐயா, டெல்டாவின் களிமண் வயல் அறுவடை முடிந்து காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும், மேட்டூரில் 120 அடி நின்றாலும் வெடிக்கும். என் பேரன் போன சித்திரையில் அந்த வெடிப்பில்தான் மூன்று கோலிக்குண்டைத் தொலைத்தான். கடலோர வயலில் உப்பு ஏறி நெல் கருகுவதை ஒருவரும் படம் எடுக்க வருவதில்லை. அது பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது போலும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உயிரினப் படம் போட்டால் அடியில் அதன் பெயரும் எடுத்த இடமும் இருக்கட்டும். சரியான படம் கிடைக்காவிட்டால் ஒரு கோட்டோவியம் போதும்; கூலியில்லாமல் நானே வரைந்து அனுப்புகிறேன், அலகையோ வாலையோ யாரும் திருத்தாமல் இருந்தால். வரும் ஞாயிறு நாலு வரித் திருத்தத்தோடு நிஜ ஆவுளியாவின் படத்தைத் தபால்தலை அளவிலாவது வெளியிடுங்கள், வால் தெரியும்படி. மல்லிப்பட்டினத்துப் பெரியவர் அடுத்த முறை கண்ணாடி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.