பிணங்கள் துரத்தட்டும், மண்டோர் வேலைக்குக் கூப்பிடாமல் இருந்தால் சரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் ஐயா எழுதிய கடிதத்தைப் படித்தேன். செத்தவன் எழுந்து வந்து கடிப்பதும், ரத்தம் பீச்சுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாளும் துப்பாக்கியுமாகப் பாய்ந்து வெட்டுவதும்தான் இந்த ஜப்பான் கார்ட்டூன்கள், இவற்றைப் பார்த்தே தோட்டத்துப் பையன்கள் கெட்டுப் போகிறார்கள், பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தொடரைக்கூட முழுசாகப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்பது அந்தக் கடிதத்திலேயே தெரிகிறது.

நான் பையன் இல்லை. ஐம்பதை நெருங்குகிறேன், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை லோரி ஓட்டுகிறேன். காய்ப்பு அதிகமான மாதங்களில் ஆலை வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும், எடை மேடைக்கு நம் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, இஞ்சினை அணைத்துவிட்டு வெந்த பழ வாடையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு நாள் முன்னால் நின்ற லோரித் தம்பி "அண்ணே, இதைப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். அன்று பிடித்த பழக்கம். இப்போது அந்த வரிசையில் எங்களில் பலர் பார்க்கிறோம், எல்லாருமே பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்கியவர்கள்.

அவன் காட்டியது 'ஜோம் 100'. ஹாரோ அசோ கதை எழுத, கோத்தாரோ தகாதா படம் வரைந்து 2018-இல் மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கியது, 2023-இல் அனிமேயாக, அதாவது கார்ட்டூன் தொடராக வந்தது, அதே வருடம் நெட்ஃபிளிக்ஸ் நடிகர்களை வைத்துப் படமாகவும் எடுத்தது. (படத்தை விட்டுவிடலாம், அனிமேயைப் பாருங்கள்.) அகிரா தெண்டோ என்று ஒரு பையன், படம் தயாரிக்கும் கம்பெனியில் ஆசை ஆசையாய் வேலைக்குச் சேர்கிறான். சேர்ந்த முதல் நாளே வீட்டுக்குப் போக விடவில்லை. மூன்று வருடத்தில் கண்ணில் உயிரே இல்லாமல் போய்விடுகிறது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் ஊரே பிணமாக நடக்கிறது, கடிக்க வருகிறது, அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், ஓடுகிற ஓட்டத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது: அப்படியென்றால் இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாமா? அவ்வளவுதான். அதுவரை வெளிறிக் கிடந்த படம் திடீரென்று வர்ணத்தைக் கொட்டுகிறது, ரத்தம்கூடக் கலர் கலராகத் தெறிக்கிறது, பையன் மொட்டை மாடியில் நின்று சந்தோஷத்தில் கத்துகிறான். ஊர் அழிந்ததற்குச் சந்தோஷம்! ஆலை வாசலில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து எடை மேடைப் பெண் எட்டிப் பார்த்தது.

ஏன் சிரித்தேன் என்றால், 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மலேசியாவே கதவைச் சாத்திக்கொண்டது, நாங்கள் மட்டும் குலை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஈப்போ சாலையில் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது, சாலைத் தடுப்பில் போலீஸ் எங்கள் அனுமதிக் கடிதத்தைப் பார்த்து, போ என்று கையைக் காட்டும். உலகம் நின்றாலும் எங்களுக்கு லீவு இல்லை. செம்பனைக்கு என்ன தெரியும், பழுத்தால் உதிரும்.

அளவுக்கு மீறிய வேலையால் ஜப்பானில் ஆட்கள் செத்துப் போவது கட்டுக்கதை அல்ல, அதைத் தடுக்கவென்றே 2014-இல் தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். நம் நாட்டிலும் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்தது 45 ஆகக் குறைந்தது, ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் இருக்கிறது, சரி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்துவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வரும் நம் பிள்ளைகளின் முகத்தை அந்த ஐயா பார்த்திருப்பார். அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பது இந்தக் கதையைத்தான்.

இந்தத் தொடரில் என்னை உலுக்கிய இடம் வேறு. அகிராவும் கூட்டாளிகளும் வண்டியில் போகும்போது நெடுஞ்சாலையில் ஒரு லோரி நிறுத்தத்தில் ஒதுங்குகிறார்கள், அங்கே உயிர் பிழைத்தவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் யார் என்று பார்த்தால் அவனுடைய பழைய மேலாளர் கொசுகி. கம்பெனி கிடையாது, சம்பளம் கிடையாது, வெளியே முழுக்கப் பிணம். ஆனாலும் அந்த ஆளின் குரலைக் கேட்டதும் அகிராவின் முதுகு தானாக வளைகிறது, அந்த ஆள் ஏவ ஏவ இவன் ஓடுகிறான், கண் மறுபடியும் செத்துவிடுகிறது. சுறா வந்தபோதுகூடப் பயப்படாதவன்! கூட இருக்கும் பெண் ஷிசுகாவுக்குத்தான் கோபம் வருகிறது. எப்படி விடுபடுகிறான் என்று சொல்லிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ருசி போய்விடும், சொல்ல மாட்டேன். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து பல வருடம் ஆன பிறகும் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும்) நேரத்துக்குத் தானாக எழுந்து, முகம் கழுவி, எங்கும் போவதற்கில்லாமல் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். சந்தையில் பழைய தோட்டத்துக் கணக்கரான கிராணியைப் பார்த்துவிட்டால் தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடும். கிராணியே "எதுக்குங்க இது" என்று கூச்சப்படுவார். இருபது நிமிடக் கார்ட்டூனில் இதை ஒருவன் காட்டியிருக்கிறான், நம் படங்களில் இவ்வளவு சரியாக நான் பார்த்ததில்லை.

சுறா என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். மீன் காட்சியகத்தில் ஒரு சுறா ஜோம்பிகளை, அதாவது நடமாடும் பிணங்களை விழுங்கி, விழுங்கிய ஆட்களின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்தக் கால்களாலேயே நடந்து துரத்துகிறது. அகிரா சுறா கடித்தாலும் பல் இறங்காத கம்பி வலை உடுப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்கு இறங்குகிறான். இதைப் பார்த்து எந்தப் பிள்ளை வன்முறை கற்றுக்கொள்ளும் என்று எனக்குப் புரியவில்லை. மிகையாகப் போகப் போகப் பயம் கழன்றுவிடுகிறது, சிரிப்புதான் மிஞ்சுகிறது. பாதி உண்மை மாதிரி எடுத்த கொலைப் படம்தான் ராத்திரி தூங்க விடாது.

அப்புறம், மிகை என்பது நமக்குப் புதுசா என்ன? தமிழ்ப்பள்ளியில் எங்கள் வாத்தியார் 'கலிங்கத்துப்பரணி' சொல்லிக் கொடுத்த அன்று வகுப்பே வாயை மூடவில்லை. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போர் முடிந்த களத்தில் பசியில் துடித்த பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. சமைப்பதற்கு முன்னால் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிணத்தையும் ரத்தத்தையும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பந்தி போட்டு ஊற்றும்போது குருட்டுப் பேய்க்குத் தனி, ஊமைப் பேய்க்குத் தனி, கர்ப்பமான பேய்க்கும் மறக்காமல் ஒரு பங்கு. ஜெயங்கொண்டாரைப் படித்துக் கெட்டுப் போனவன் எவனும் எங்கள் வகுப்பில் இல்லை. மாறாக அந்த ஒரு பாடத்தைத்தான் எல்லாரும் மனப்பாடம் செய்தோம்.

இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் செத்தவர்களைக் கிட்டத்தட்ட எல்லாரையும் எரித்துவிடுகிறார்கள், புதைகுழியைப் பிளந்துகொண்டு எழுந்து வர அங்கே பிணம் ஏது? ஆகவே நான் பார்த்தவரை அவர்கள் கதையில் கிருமிதான், கடிதான். 1996-இல் காப்கொம் கம்பெனி கொண்டு வந்த 'பயோஹசார்ட்' வீடியோ விளையாட்டிலும் கிருமிதான். 2016-இல் விட் ஸ்டுடியோ எடுத்த 'கபனேரி ஆஃப் தி அயர்ன் ஃபோர்ட்ரஸ்' அனிமே பன்னிரண்டே பகுதிதான், கதையே ரயிலில் நடக்கிறது, கவசம் போட்ட நீராவி ரயில். அதில் வரும் பிணங்களுக்கு இதயத்தைச் சுற்றி இரும்பு உறை, சும்மா சுட்டால் சாகாது. அதைத் துளைக்கும் துப்பாக்கியைச் செய்கிறவன் இளவரசனும் இல்லை, வீரனும் இல்லை, நீராவி இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைப் பையன். கடிபட்டதும் கிருமி மூளைக்கு ஏறாமல் இருக்கத் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்கிறான், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். பின்பாதியில் கதை கொஞ்சம் தடம் மாறுகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

இதை இயக்கிய தெத்சுரோ அராகியே 2010-இல் 'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்' எடுத்தார். அந்த ஐயா பார்த்தது இதில் ஒரு துண்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். முதல் பகுதியில் பள்ளிக்கூடம் ஒன்று சில நிமிடங்களில் சரிந்து விழுவதை அவ்வளவு வேகமாக, அவ்வளவு நன்றாக எடுத்தவர், அப்புறம் பள்ளி மாணவிகளின் உடம்பைச் சுற்றியே கேமராவை மேய விடுகிறார். இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, சண்டை ஒரு பக்கம் நடக்குது, கேமரா வேற பக்கம் போகுது" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கதாசிரியர் டைசுகே சாத்தோ 2017-இல் இறந்துவிட்டதால் அதன் மங்காவும் முடியாமலே நிற்கிறது. முடிந்திருந்தாலும் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன்.

ஆக எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில்தான் எனக்குச் சண்டை. கைப்பேசியைப் பிடுங்கினால் பையன் கூட்டாளியின் கைப்பேசியில் பார்ப்பான், அங்கே எது நல்லது எது கெட்டது என்று சொல்ல ஆள் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் "இது வேணாம்டா, அடுத்ததைப் போடு" என்று சொல்லவாவது முடியும், அவனும் கேட்பான், ஏனென்றால் நமக்கும் அந்தக் கதை தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு மலரில் சினிமாக் கிசுகிசுவுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் கால் பக்கம் இந்த அனிமேக்களுக்குக் கொடுங்கள். எந்தத் தொடர் எந்த வயதுக்கு, எதில் ஆபாசம் இருக்கிறது, எது அப்பா அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்கக்கூடியது என்று தமிழில் எழுதினால் தோட்டப்புறத்துப் பெற்றோருக்குப் பெரிய உதவி. எழுத ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் லோரி வரிசையில் கேளுங்கள், எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு குலை லோரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.