டோக்கன் நம்பரை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் பலர் திரும்பவில்லை, மிஷின்கள் சும்மா கிடக்கின்றன, நாளுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள் என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் வருத்தப்பட்டதை உங்கள் பத்திரிகையில் படித்தேன். அந்த வருத்தம் பொய் இல்லை. ஒரு லைனில் ஷோல்டர் அடிக்கிறவர் வராவிட்டால் கழுத்துப்பட்டி வைக்கிறவர், கை ஏற்றுகிறவர், கடைசியில் பேட்லாக் மிஷினில் சட்டையின் அடி ஓரத்தை மடித்து அடிக்கிறவர் வரை பீஸ் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். புது ஆள் வந்தாலும் கை பழகும்வரை ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், குவியும். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் 27 வருடம் டைம் ஆபீஸ் (ஆட்களின் வருகை, சேர்க்கைக் கணக்கு எழுதும் இடம்) பார்த்தவன் நான். இதை தினமும் பார்த்திருக்கிறேன். ஆள் ஏன் போகிறார்கள் என்பதில் வெளியே வராத ஒரு விஷயம் இருக்கிறது: தொழிலாளியின் அடையாள எண்ணான டோக்கன் நம்பரை மாற்றுவது. அதில் என் கையெழுத்தும் இருப்பதால் நானே எழுதுகிறேன்.

தீபாவளி போனஸ் கொடுக்கிற வாரத்தில் எனக்குத் தனியாக ஒரு லிஸ்ட் வரும். சேர்ந்து நான்கு வருடம் ஆனவர்களின் பெயர்கள். போனஸோடு அவர்களுக்குக் கணக்கு முடித்து, ‘எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று டைப் அடித்த தாளில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். லீவு முடிந்து வந்ததும் புது டோக்கன் நம்பர். அதே மிஷின், அதே சூப்பர்வைசர், அதே சம்பளம். ரிஜிஸ்தரில் மட்டும் அவர் நேற்றுச் சேர்ந்தவர். எல்லாம் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்காகத்தான். அப்போது இருந்த 1972-ம் வருடச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கணக்குப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். அந்த ஐந்தாவது வருடம் முடியக்கூடாது என்பதுதான் லிஸ்டின் நோக்கம்.

எங்கள் ஓவர்லாக் (துணி ஓரத்தை இணைத்துத் தைக்கும் மிஷின்) லைனில் ஓர் அம்மா இருந்தார். புளியம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் எட்டரைக்கு மிஷினில் இருப்பார். மிஷின் கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணித்துண்டு கட்டியிருப்பார். ஒவ்வொரு கட்டு பீஸையும் எடுப்பதற்கு முன்னால் அதில் விரலைத் துடைத்துக்கொள்வார், குழந்தைச் சட்டையில் எண்ணெய்க் கறை விழக்கூடாது என்று. அவர் கட்டில் ஆல்டர் வந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு இரண்டாவது தடவையாக டோக்கன் மாறிய அன்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்ணா, ஒம்போது வருசமா இதே மிஷின்ல உக்காந்திருக்கறேன். நான் புது ஆளுங்களா?”

“மேலே இருக்கறவங்க சொன்னதும்மா” என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பொங்கலுக்கு முன்பே அவர் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே நாளுக்குப் பத்து ரூபாய் கூட. எங்கள் ரிஜிஸ்தரில் ‘விலகிய காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘கூடுதல் சம்பளம்’ என்று எழுதினேன். அவரோடு சேர்த்து எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. காசுக்காகத்தான் ஆள் ஓடுகிறார்கள் என்று முதலாளிகள் நம்புவதற்கு என்னைப் போன்றவர்கள் நிரப்பிய அந்தக் கட்டமும் ஒரு காரணம்.

கணக்காகவே பார்ப்போம். நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வையுங்கள். கிராஜுவிட்டி வருடத்துக்கு 7,500 ரூபாய் சேரும். பத்து வருடத்தில் 75,000. பக்கத்துக் கம்பெனியில் நாளுக்குப் பத்து ரூபாய் கூட என்றால், மாதம் 26 நாள் வீதம் வருடத்துக்கு 3,120 ரூபாய்தான். கிராஜுவிட்டி கட்டாயம் கைக்கு வரும் என்று தெரிந்தால் யாராவது 3,120-க்காக 7,500-ஐ விட்டுவிட்டுப் போவார்களா? பழைய வருடங்கள் எப்படியும் பூஜ்யம்தான் என்று நாமே காட்டிக் கொடுத்த பிறகு பத்து ரூபாய் பெரிதாகத்தான் தெரியும். எங்கள் ஊர்ப் பெண்கள் கணக்கில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

பிரசவத்துக்குப் போகிற பெண்களுக்கு நடப்பது இதைவிட வேதனை. 26 வாரப் பிரசவ லீவுக்குப் பணம் தருவது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.; சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் கம்பெனிக்கு அதில் தனிச் செலவு கிடையாது. அப்படியும் ஏழாம் மாதத்தில் கணக்கு முடித்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு ஹெல்பர் சம்பளத்தில் புது டோக்கன் போட்டதும் உண்டு. ஒருத்தர் டெய்லராகிக் கை வேகம் பிடிக்க எத்தனை நாள் சொல்லிக் கொடுத்திருப்போம்!

வடக்கே இருந்து வந்தவர்கள் பலர் ஒப்பந்தக்காரர் பெயரில் இருப்பதால் அவர்களுக்குச் சேர்ந்த தேதி என்று ஒன்றே இல்லை. பீகார்க்காரர்களுக்கு தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. ரயிலில் ஊர் போய்ச் சேரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நாம் ஒரு வாரம் லீவு விட்டுவிட்டு ‘ஆள் வரவில்லை’ என்கிறோம். திரும்பி வந்தால் அதே மிஷின் இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அப்புறம் யார் முதலில் போன் போடுகிறார்களோ அங்கே போய் இறங்குகிறார்கள்.

சூப்பர்வைசரின் வாய், சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போவது, பாத்ரூம் போனால் மணி பார்ப்பது, இவற்றாலும் ஆள் போகிறார்கள். அதெல்லாம் வெளியே பேசப்படுகிறது. டோக்கன் விஷயம் பேசப்படுவதில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு என்று நேரடியாக எடுக்கப்படும் தொழிலாளிக்கு அதில் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. நல்லதுதான். ஆனால் ஐந்தாவது வருடத்துக்கு லிஸ்ட் போட்டவர்கள் இனி பதினோராம் மாதத்தில் லிஸ்ட் போடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தொழிலாளர் துறை தீபாவளியை ஒட்டிய இரண்டு மாதங்களின் ரிஜிஸ்தர்களை எடுத்து, விலகியவர் பெயரையும் புதிதாகச் சேர்ந்தவர் பெயரையும் பி.எஃப். நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

முதலாளிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். சம்பளச் சீட்டில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: சேர்ந்த தேதி, இன்று வரை சேர்ந்திருக்கும் கிராஜுவிட்டி. அந்தத் தொகை மாதாமாதம் ஏறுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். கம்ப்யூட்டரில் சம்பளம் போடுகிற கம்பெனிக்கு இது அரை நாள் வேலை. மாற்றிய டோக்கன்களுக்குப் பழைய சேர்ந்த தேதியைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். திருப்பூரில் எந்தக் கம்பெனியாவது அதைச் செய்ய முன்வந்தால், பழைய ரிஜிஸ்தர்களை வைத்துப் பெயர் பெயராகப் பார்த்துக் கொடுக்க, சம்பளம் இல்லாமல் வந்து உட்கார நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்